கொங்கணக் கடலில் இரண்டு இரவுகள்

மும்பையில் வாழும் தமிழர்கள் கடலை நாள்தோறும் காண்கிறார்கள். ஆனால் கடலில் செல்பவர்கள் மிகச் சிலரே. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மின்சார ரயிலில் நசுங்கிச் சென்று நசுங்கித் திரும்பும் நமக்கு, கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் குழந்தைகளுக்குக் காட்டும் ஒரு காட்சி, அவ்வளவுதான். நானும் பதினான்கு ஆண்டுகள் அப்படியே இருந்தேன். சென்ற மார்கழியில்தான் முதன்முறையாக அக்கடலின்மேல் இரண்டு இரவுகள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதற்குக் காரணமானவர் என் மாமியார். அவருக்கும் காரணமாக இருந்தவள் இரண்டு வயதும் நான்கு மாதமும் நிறைந்த எங்கள் மகள்.

பயணக் கட்டுரையில் குழந்தை வளர்ப்புக்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். சிறு குழந்தை உள்ள வீட்டார் எங்கே சென்றாலும் அக்குழந்தையையும் சுமந்துகொண்டே செல்கிறார்கள். வீட்டில் விட்டுச் சென்றாலும் சுமையில் குறைவதில்லை. ஆகவே வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று மொழிக் குழந்தை

எங்கள் வீட்டில் தமிழ், கீழ்வீட்டில் மராத்தி, குழந்தைக் காப்பகத்தில் மராத்தியும் இந்தியும் கலந்த மும்பைப் பேச்சு. இம்மூன்றுக்கும் நடுவே வளரும் குழந்தை எந்தச் சொல்லை எந்த மொழியில் சொல்கிறது என்பதை அறிவதே பெரும்பாடு. ‘காய்?’ என்று அவள் கேட்டால் என் மனைவி காரட் துண்டைக் கையில் கொடுப்பாள். குழந்தை கேட்டதோ, ‘என்ன?’ என்னும் மராத்திக் கேள்வி. ஒருநாள் தெருவில் நான், ‘பஸ் வருகிறது, பார்!’ என்றேன். அவள் உடனே நடைபாதையில் அமர்ந்துவிட்டாள். மராத்தியில் ‘பஸ்’ என்றால் ‘உட்கார்’ என்று பொருள். ‘ஆயி’ என்ற சொல்லால் நேர்ந்த குழப்பத்தை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. மராத்தியில் அது தாயைக் குறிக்கும் இனிய சொல். நம் வீடுகளில் சிறு குழந்தை அச்சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பது யாவரும் அறிந்ததே. தாயை அன்புடன் அழைத்த குழந்தை பலமுறை கழிவறையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டாள்.

இவை சிரித்துவிட்டுப் போகும் செய்திகள். சிரிக்க முடியாத கவலை ஒன்றும் இருந்தது. இரண்டு வயது கடந்தும் அவள் பேசியது குறைவு. அண்டை வீட்டுக் குழந்தைகள் முழு வாக்கியங்களாகப் பேசும்போது, இவள் ஒற்றைச் சொல்லோடு நின்றாள். மருத்துவரிடம் காட்டினோம். அவர் முதலில் செவிப்புலனைச் சோதிக்கச் செய்தார்; குறையொன்றும் இல்லை. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தடைப்படுவதில்லை என்றார். இரண்டு வயதுக் குழந்தைக்கு 50 சொற்கள் அளவில் இருக்கவேண்டும். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கவும் வேண்டும். ஆனால் எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் கூட்டி எண்ணவேண்டும் என்று விளக்கினார். ‘எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று அனுப்பினார். எழுத எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் சேர்க்கை கேட்கச் சென்ற ஓர் இளமழலைப் பள்ளியில், ‘வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்பாது’ என்று அறிவுரை கூறினார்கள். மருத்துவர் சொன்னதைவிட இது எளிதாக எங்கள் மனத்தில் ஏறியது. பிள்ளையின் எதிர்காலம் என்ற அச்சம் அவ்வளவு வலியது. மறுநாள் முதல் என் மனைவி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். நானும் தலையசைத்தேன். தலையசைத்ததைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை. காலையில் எழுவதற்குமுன் போனேன். இரவில் உறங்கியபின் வந்தேன். விடுமுறை நாளில் சோறூட்டும் பொறுப்பு எனக்கு வந்தால், கைப்பேசியில் பொம்மைப் படம் காட்டி வேலையை முடித்தேன்.

இரவு அழுகை

என் மாமியார் செஞ்சிப் பக்கத்தவர். பேத்தி பிறந்தது முதல் எங்களோடு இருந்தவர், மாமனாரின் கண் அறுவைக்காக ஆவணியில் ஊர் திரும்பினார். அவர் போனபின்தான் குழந்தையைக் காப்பகத்தில் விட்டோம். அதன்பின் வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் குழந்தை விழித்து, ‘ஆயா, ஆயா’ என்று வீறிட்டு அழலாயிற்று. காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாரை எல்லோரும் ஆயா என்றே அழைப்பார்கள். அவர் குழந்தையை மிரட்டுகிறாரோ, அடிக்கிறாரோ என்ற ஐயம் எங்களுக்குப் பிறந்தது. ஐயம் பிறந்தபின் சான்றுக்கா பஞ்சம்? முழங்காலில் ஒரு கீறல் கண்டோம். மதிய உணவு மிஞ்சியிருக்கக் கண்டோம். ஒருநாள் மாலை நான் நேரில் சென்று அந்த அம்மையாரைக் கடுமையாகப் பேசினேன். அவர் மறுமொழி கூறாமல் குழந்தையின் செருப்பை மாட்டிவிட்டு உள்ளே போனார்.

மகளின் குரலைத் தொலைபேசியில் கேட்டே மாமியார் நிலைமையை உணர்ந்துகொண்டார். ‘மாப்பிள்ளை, அவள் குரலே சரியில்லை. நான் வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் எங்கேயாவது போய் வாருங்கள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். கோவா சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் இரண்டு இரவுக்குச் சீட்டு வாங்கினேன். மாமியார் வியாழன் காலை வந்து சேர்ந்தார். அன்றிரவு குழந்தை விழிக்காமல் உறங்கினாள். பாட்டியோடு விளையாடிய அயர்ச்சி என்று எண்ணிக்கொண்டோம். வெள்ளி மாலை, வாசலில் மூன்றுமுறை திரும்பிப் பார்த்த மனைவியை அழைத்துக்கொண்டு பல்லார்டு துறைக்குச் சென்றேன்.

துறை நீங்கியது

மும்பையிலிருந்து கோவாவுக்குக் கடல் வழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொங்கண் ரயில் பாதை 1998-இல் முழுமையாகத் திறக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, கரையோர ஊர்கள்தோறும் நின்று செல்லும் நீராவிக் கப்பல்கள் இவ்வழியே ஓடின. மும்பையின் ஆலைகளுக்குக் கொங்கணத்து மக்கள் பலர் வந்ததும் இந்தக் கடல் வழியில்தான். நாம் தாதர் நிலையத்தில் தகரப் பெட்டியோடு இறங்கியதுபோல், அவர்கள் துணி மூட்டையோடு துறையில் இறங்கினார்கள்.

கப்பலில் ஏறியதும் முதற்காரியம் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எல்லோரும் குறித்த இடத்தில் கூடவேண்டும் என்று சொல்லி, மிதப்புச் சட்டை அணியும் முறையைக் காட்டினார்கள். என் மனைவியின் கண் தனியே வைத்திருந்த சிறுவர் சட்டைகளின்மேல் இருந்தது. ‘நம் பாப்பாவுக்கு அந்தச் சின்னது பொருந்தும்’ என்றாள்.

துறைமுக வழிகாட்டி ஏறி வழி காட்ட, கப்பல் மெல்லத் திரும்பித் தெற்கு நோக்கியது. கொலாபா முனைக்கு அப்பால், பாறைத் திட்டின்மேல் 1875-இல் கட்டப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கம் தனித்து நின்றது. அதைக் கடந்தபோது கதிரவன் மறைந்துகொண்டிருந்தான். நகரத்தின் அடுக்குமாடிகளைக் கடலிலிருந்து பார்ப்பது புதுமையான அனுபவம். எந்த நெரிசலில் நாம் மூச்சுவிட இடமின்றி வாழ்கிறோமோ, அந்நகரம் ஓசையே இன்றி அடிவானத்தில் ஒரு கோடாக நிற்கிறது.

சற்றுத் தொலைவில் கண்டேரித் தீவின் திசையை ஒரு பணியாளர் காட்டினார். சிவாஜி 1679-இல் அரண் அமைக்க முற்பட்டு, ஆங்கிலேயரும் சித்திகளும் எதிர்க்க, விடாது நிலைநிறுத்திய தீவு அது. பின்னர் கானோஜி ஆங்கரே என்னும் கடற்படைத் தலைவர் இக்கரையெங்கும் ஆட்சி செலுத்தினார். இன்று தீவு அவர் பெயரால் வழங்குகிறது. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1867-இல் எழுந்தது. மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. கண்டேரியும் சுவர்ணதுர்க்கமும் விசயதுர்க்கமும் சிந்துதுர்க்கமும் இக்கடலோரத்தவை. பன்னிரண்டாவது கோட்டை, 1677-இல் சிவாஜி கைப்பற்றிய நம் செஞ்சி! இதைச் சொன்னதும் என் மனைவியின் முகத்தில் அன்று முதன்முறையாக ஒளி கண்டேன். ‘அந்த ராசகிரி மலையைக் காட்டித்தான் எங்கள் ஆயா எனக்குச் சோறூட்டுவார்கள்’ என்றாள்.

இருளும் ஒளியும்

இரவு உணவுக்கு அமர்ந்தோம். மேசையில் வகை வகையான உணவு. என் மனைவி தன் தட்டிலிருந்த இட்லியைச் சிறு சிறு துண்டாகப் பிட்டு ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு யாருக்காக ஒதுக்கினோம் என்று திகைத்து என்னைப் பார்த்தாள். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் பேச எங்களுக்குச் செய்தி ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டுகளாகக் குழந்தையைப் பற்றியன்றி வேறெதுவும் பேசிப் பழகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கரை விலகவே கைப்பேசியின் தொடர்பு அறுந்தது. மனைவி அதைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தாள். கடல் அமைதியாகவே இருந்தது. கப்பல் தூளிபோல மெல்ல அசைந்தது. அவள் அசையாமல் உறங்கினாள். அவள் அப்படி உறங்கி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணினேன், விடை கிடைக்கவில்லை. எனக்கு உறக்கம் வரவில்லை.

இரவு இரண்டு மணியளவில் மேல்தளத்திற்குச் சென்றேன். கிழக்கே இருளில் ஓர் ஒளி தோன்றித் தோன்றி மறைந்தது. ‘ரத்தினகிரி விளக்கம்’ என்றார், தளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர்.

ரத்தினகிரி என்றதும் பர்மா மன்னர் தீபாவின் நினைவு வந்தது. நாட்டை இழந்த அவரை ஆங்கிலேயர் 1886-இல் இவ்வூரில் கொண்டுவந்து வைத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து, 1916-இல், இங்கேயே அவர் இறந்தார். அவருடைய பேத்தி ஒருவர் இவ்வூரிலேயே மராத்தி பேசும் எளிய குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். அரச குலத்தின் மொழி இரண்டே தலைமுறையில் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. அதை யாரும் கட்டளையிட்டு மாற்றவில்லை. பேச ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவே.

இன்னொரு நினைவும் வந்தது. எங்கள் காப்பகத்து ஆயாவும் ரத்தினகிரிப் பக்கத்தவர் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதற்குமேல் அவரைப் பற்றி நான் எதையும் கேட்டதில்லை. பேரைக்கூடக் கேட்டதில்லை. கடுமையாகப் பேச மட்டும் தெரிந்திருந்தது.

கோவாவில் கேட்ட செய்தி

காலையில் மர்மகோவாத் துறையை நெருங்கும்போது கைப்பேசிக்கு உயிர் வந்தது. மனைவி உடனே தாயை அழைத்தாள்.

‘ஒன்றும் கவலை இல்லையடி. நடு இராத்திரியில் ஒருமுறை எழுந்து, ஆயா, ஆயா என்று அழுதாள். நான் இங்கேதான் இருக்கிறேன் கண்ணு என்று தூக்கிக்கொண்டேன். அப்புறம் தூங்கிவிட்டாள்’ என்றார் மாமியார்.

மனைவி கைப்பேசியைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகுதான் எனக்கு விளக்கினாள். செஞ்சிப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்பார்கள். மகள் பிறந்தபோது மாமியார் பேத்திக்கு அச்சொல்லையே கற்பிக்க விரும்பினார். ‘வேண்டாம் அம்மா, இந்த ஊரில் ஆயா என்றால் வேலைக்காரி என்று எண்ணுவார்கள். பாட்டி என்று சொல்லிக் கொடு’ என்று இவள் தடுத்துவிட்டாள். மாமியார் மறுத்துப் பேசவில்லை. ஆனால், நாங்கள் இருவரும் அலுவலகம் போனபின், தாமும் பேத்தியும் தனித்திருக்கும் நேரத்தில், தம் ஊர்ச் சொல்லையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான்கு மாதமாகக் குழந்தை இரவில் அழைத்தது காப்பகத்து ஆயாவை அன்று, பிரிந்துபோன பாட்டியை!

‘என் தாயின் பெயரைச் சொல்லி அவள் அழுதாள், எனக்கே புரியவில்லையே!’ என்றாள் மனைவி. ‘என்னங்க, இந்த நான்கு மாதமாக நான் அவளோடு பேசவே இல்லை. ஆங்கிலத்தில் அவளிடம் வேலை சொல்லத் தெரிகிறது, கொஞ்சத் தெரியவில்லை. அவள் அழும்போது வாயில் வந்த தமிழையெல்லாம் விழுங்கிக்கொண்டு நின்றேன்.’

நான் ஆறுதல் சொல்ல முயன்றேன். பிறகு, ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று உணர்ந்து, ‘நானும் துணை நிற்கவில்லை’ என்று மட்டும் சொன்னேன்.

அன்று அகுவாடாக் கோட்டைக்குச் சென்றோம். மாண்டவி ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் 1612-இல் போர்த்துக்கீசியர் செம்பாறைக் கற்களால் எழுப்பிய கோட்டை அது. போர்த்துக்கீசிய மொழியில் ‘அகுவா’ என்றால் தண்ணீர். நெடுங்கடல் தாண்டி வந்த கப்பல்கள் குடிநீர் நிரப்பிக்கொண்ட இடமாதலால் இப்பெயர். கோட்டையின் நடுவே பெரிய நீர்த்தொட்டி நிலத்துக்கடியில் இருக்கிறது. பீரங்கி எத்தனை இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் கோட்டை நிற்காது என்பதை அதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். இன்னொரு வியப்பும் உண்டு. வடநாட்டில் செவிலியைக் குறிக்கும் ‘ஆயா’ என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. ‘ஆய்’ என்று தாயைக் குறிக்கும் சொல்லோ பழந்தமிழில் உண்டு. எங்கோ பிறந்த இரண்டு சொற்கள் ஓசையால் ஒன்றாகி, எங்கள் வீட்டில் வந்து மோதிக்கொண்டன.

கோட்டைச் சுவரின் நிழலில் அமர்ந்து, மருத்துவர் கேட்ட பட்டியலை எழுதத் தொடங்கினோம். முதலில் 15 சொற்கள்தான் வந்தன. பிறகு ஒன்றை ஒன்று இழுத்துவந்தது. ‘நகோ’ என்றால் வேண்டாம். ‘மம்மம்’ என்றால் சோறு. கீழ்வீட்டு மராத்திப் பாட்டி ‘ஆஜி’. ஒருமணி நேரத்தில் 64 சொற்கள் சேர்ந்தன. தமிழ் 27, மராத்தி 25, இந்தியும் ஆங்கிலமுமாக 12. நாங்கள் தமிழில் மட்டும் எண்ணிக் குறை கண்டோம். காப்பகத்தில் மராத்தியில் மட்டும் எண்ணிக் குறை கண்டார்கள்.

‘இரண்டு சொல் சேர்த்துச் சொல்கிறாளா என்று கேட்டாரே?’ என்றேன். மனைவி சற்றுச் சிந்தித்தாள். ‘பாணி தா என்கிறாளே!’ என்றாள். பாணி மராத்தித் தண்ணீர். தா நம் தமிழ். எங்கள் மகள் ஒரு முழு வாக்கியம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழிக்கும் நடுவே அது நின்றதால் இரண்டு வீட்டாரும் அதைக் கேட்கவில்லை.

திரும்பியபின்

அன்று மாலை கப்பல் மீண்டும் வடக்கே புறப்பட்டது. இரவு வெகுநேரம் மேல்தளத்தில் அமர்ந்து பேசினோம். குழந்தையைப் பற்றியும் பேசினோம், வேறு பலவும் பேசினோம். ஞாயிறு காலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கைகளை நீட்டினாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியின் தோளில் ஒளிந்துகொண்டாள். சிறு குழந்தைகள் பிரிவுக்கு இப்படித்தான் கணக்குத் தீர்ப்பார்களாம். அரைமணி நேரம் கழித்துத் தானே வந்து, ‘பாணி தா’ என்றாள். என் மனைவி, ‘இந்தா கண்ணு, தண்ணீர்’ என்று தமிழிலேயே கொடுத்தாள்.

திங்கட்கிழமை கோவாவிலிருந்து வாங்கிவந்த முந்திரிப் பொட்டலத்துடன் காப்பகத்துக்குச் சென்றேன். நடந்ததைக் கூறி, நான் பேசியது தவறு என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, தம் மகனும் நான்கு வயதில் ரத்தினகிரிப் பக்கத்துச் சிற்றூரில் பாட்டியிடம் வளர்வதாகச் சொன்னார். ‘ராத்திரியில் என்னைத் தேடி அழுகிறான் என்று என் தாய் சொல்கிறாள்’ என்றார். அவ்வழியே இரவில் சென்றபோது கலங்கரை விளக்கத்தைக் கண்டேன் என்றேன். ‘அது எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும்’ என்று சொல்லி, பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டார்.

இப்போது மாமியார் எங்களோடு இருக்கிறார். ஆயா என்றே அழைக்கப்படுகிறார். காப்பகத்து அம்மையாரைக் குழந்தை ‘மௌசி’ என்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறோம். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தெருவிலும் பள்ளியிலும் தாமே வந்துசேரும். தமிழ் நாம் கொடுத்தால்தான் வரும். சோறூட்டும்போது கைப்பேசி காட்டுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் திரைப்படக் காட்சி நாளொன்றுக்கு ஒருமணி நேரத்தைத் தாண்டலாகாது, குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறிய நெறி. அதைவிட, கதை சொல்லி ஊட்டினால் அவள் ஒரு கவளம் கூடுதலாக உண்கிறாள் என்பது நான் கண்டறிந்த நெறி.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தை பேசத் தாமதித்தால் செவியைச் சோதித்துவிடுங்கள், தயங்கவேண்டாம். பின்னர் அது சொல்லும் எல்லாச் சொற்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கோவா வரை செல்லவேண்டியதில்லை. கேட்வேயிலிருந்து மாண்டுவா செல்லும் படகில், உறவினர் ஒருவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு, கணவனும் மனைவியுமாக ஒரு பிற்பகல் சென்று வந்தாலும் போதும். தாளும் எழுதுகோலும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.